சாட்சி உயிரோடு திரும்பியதால் தெரியவந்த கதை

இன்று பறக்கக்கூடிய நிலையில் இருக்கும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் உலகிலேயே இரண்டுதான். ஒன்று இங்கிலாந்தில் உள்ளது. மற்றையது கனடாவின் ஹமில்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் 'மைனார்ஸ்கி லங்காஸ்டர்'. ரொறன்ரோவில் இருந்து ஒரு மணித்தியால ஓட்டம் என்பதால் நம்மவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். அந்தப் பெயருக்குரியவரைப் பற்றித் தேடி வாசித்தேன். அவருடைய வீரத்தைவிட, அது வெளியே தெரியவந்த விதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

1944 யூன் 12 இரவு. நோர்மண்டித் தரையிறக்கம் நடந்து ஆறு நாட்கள். வட பிரான்சின் கம்ப்றே நகரில் ரயில் பாதைகளைத் தகர்ப்பதற்காகக் கனேடிய விமானப்படையின் 419 ஆவது அணி இங்கிலாந்தில் இருந்து புறப்பட்டது. அதில் ஒரு லங்காஸ்டரை ஜேர்மனிய இரவுச் சண்டை விமானம் தாக்கியது. இடதுபக்க இயந்திரங்கள் இரண்டும் நின்றுபோயின. தீ பரவியது. விமானி ஆர்ட் டி பிறெய்ன் எல்லோரையும் குதிக்கச் சொன்னார்.

வால் முனையில் இருந்த துப்பாக்கிக் கூண்டுக்குள் பட் புறோபி அகப்பட்டுக்கொண்டார். கூண்டைத் திருப்பினால்தான் வெளியே வரலாம்; திருப்பும் விசை வருவதோ நின்றுபோன இயந்திரத்தில் இருந்து. கையால் சுழற்றும் பிடியும் உடைந்துவிட்டது.

மேற்கூண்டின் துப்பாக்கிவீரர் அன்ட்ரூ மைனார்ஸ்கி, போலந்தில் இருந்து குடியேறியவர்களின் மகன். வின்னிபெக்கில் பிறந்தவர், வயது 27. குதிப்பதற்கு வாசலடிக்கு வந்தவர், புறோபியைக் கண்டதும் நெருப்புக்குள்ளால் தவழ்ந்து போனார். கோடரியால் அடித்துப் பார்த்தார். பிறகு வெறும் கையால் இழுத்தார். உடையில் தீ பற்றியிருந்தது. போய்விடும்படி புறோபி சைகை காட்டினார். மைனார்ஸ்கி முகத்தைத் திருப்பாமலே பின்பக்கமாகத் தவழ்ந்து வாசலுக்குப் போய், எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். பரசூட்டும் எரிந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு மக்கள் கண்டெடுத்தபோது உயிர் இருந்தது. கடும் தீக்காயங்களால் விரைவில் இறந்துபோனார்.

சாக வேண்டியவர் என்று எவரும் நினைக்கக்கூடிய புறோபி சாகவில்லை. விமானம் குண்டுகளோடு தரையில் மோதியபோது கூண்டு உடைந்து வெளியே தூக்கியெறியப்பட்டார். பெரிய காயம்கூட இல்லை. மற்ற ஐவரும் பரசூட்டில் இறங்கித் தப்பினர். அவர்களில் இருவர் ஜேர்மனியரிடம் பிடிபட்டனர். மூவரையும் புறோபியையும் பிரெஞ்சுக்காரர்கள் மறைத்து வைத்துக் காப்பாற்றினர்.

ஐவரும் முன்வழியாகக் குதித்தவர்கள். பின்னால் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. இங்கிலாந்து திரும்பிய பிறகுதான் நண்பன் இறந்த செய்தியே புறோபிக்குக் கிடைத்தது. 1945 இல் விமானியும் அவரும் மீண்டும் சந்தித்துப் பேசியபோதே முழு விபரமும் வெளிவந்தது. டி பிறெய்ன் விடவில்லை, மேலிடத்துக்கு எழுதினார். 1946 ஒக்டோபர் 11 அன்று மைனார்ஸ்கிக்கு விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது.

பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் அந்தப் போரில் இறந்தவர்கள் 55,573 பேர். ஏழு பேரும் இறந்த விமானங்கள் ஏராளம். அவற்றுக்குள் கடைசி நிமிடங்களில் யார் யாருக்காகத் திரும்பிப் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை.

மைனார்ஸ்கியின் கல்லறை பிரான்சின் மெஹாரிக்கூர் கிராமத்து மயானத்தில் இருக்கிறது.