கொள்ளு: மருந்தா, சாப்பாடா?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நாம் அறிந்த பழமொழி. அந்தக் கொள்ளின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

கர்நாடகத்தில் பல்லாரி அருகே சங்கனக்கல்லு என்ற புதிய கற்கால ஊரில் கருகிய கொள்ளு விதைகள் கிடைத்துள்ளன. 3500 ஆண்டுகளுக்கு முன்பே தென்னிந்தியர் விளைவித்த பயறு இது. மழை குறைந்தாலும் மானாவாரியில் விளையும். அரிசிச் சோறு அரிதாக இருந்த வீடுகளில் கம்பு, சோளத்தோடு கொள்ளும்தான் சாப்பாடு. தென்மாவட்டங்களில் அதைக் 'காணம்' என்பார்கள்.

1966-இல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. பிறகு ரேஷன் அரிசியும் பெருகியது. மூன்று வேளையும் அரிசி என்றானது. கொள்ளு மாட்டுத் தீவனம் என்று ஒதுங்கியது.

இப்போது அது மருந்தாகத் திரும்பியிருக்கிறது. வயிறு நிறையச் சோறு உண்டு, மேலே ஒரு டம்ளர் கொள்ளு ரசம் குடித்தால் எடை குறையாது. முன்னோர் சோற்றின் இடத்தில் கொள்ளை வைத்தார்கள், உடலுழைப்பும் இருந்தது.

100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. அறுபதைத் தாண்டிய நமக்குத் தசை கரையாமல் இருப்பதும் முக்கியம். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, ஒரு கரண்டி கொள்ளுப் பருப்பைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டில் கொள்ளை எப்படிச் சமைப்பீர்கள்? எழுதுங்கள்.