பல்லைக் கடிச்சுக்கோ, அடக்கிக்கோ

எங்க சித்தியிடம் மூன்று கிளினிக் கொப்பி இருக்கு. ஒன்று காதுக்கு, ஒன்று பல்லுக்கு, மூன்றாவது பொம்பளை வருத்தத்துக்கு. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருஷம் கொழுந்தெடுத்தவர். இடது காதில் ராத்திரி முழுக்க வண்டு கத்துகிற மாதிரி இரைச்சல். காலையில் எழும்பினால் தாடை இறுகிக் கிடக்கும், வாயைத் திறந்தால் 'டக்' என்று ஒரு சத்தம். அடிவயிற்றுக்குக் கீழே யாரோ இழுத்துப் பிடித்திருக்கிற மாதிரி எந்நேரமும் ஒரு வலி. மூன்றுக்கும் மூன்று முறை முதல் பஸ் பிடித்துக் கண்டிக்கு வந்தார். மூன்று நாள் பேரும் போச்சு. மூன்று கதவுக்குப் பின்னாலும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கு. கண்டதையும் யோசிக்காம இருங்க அம்மா."

மூன்று கொப்பியும் ஒரே கொப்பியாக இருந்திருக்கலாமோ என்ற சந்தேகத்தில்தான் வாசிக்க ஆரம்பித்தேன்.

காதும் தாடையும் ஒட்டுறவு என்பது மருத்துவத்துக்குப் புதிய செய்தியே இல்லை. 1837இல் ஜெர்மனியைச் சேர்ந்த ரைகெர்ட் என்ற உடற்கூற்றியலாளர் பன்றிக் கருக்களை ஆராய்ந்து ஒரு விசயத்தைக் காட்டினார். நடுக்காதில் இருக்கும் மூன்று குட்டி எலும்புகளில் இரண்டு, தாடையை உண்டாக்கும் அதே திசுவிலிருந்துதான் வருகின்றன. பல்லிக்கும் ஓணானுக்கும் இன்றைக்கும் அந்த எலும்புகள்தான் தாடை மூட்டு. நமக்கு அவை காதுக்குள் குடிபோய்விட்டன.

ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1934இல், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை டொக்டர் ஜேம்ஸ் கோஸ்டன் பதினொரு நோயாளிகளைப் பற்றி எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்து, தாடை மூட்டு நசுங்கி, அதனால் காதடைப்பும் இரைச்சலும் தலைவலியும் வருகின்றன என்றார். 'கோஸ்டன் நோய்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அவர் சொன்ன காரணம் தப்பு என்று பிறகு உடற்கூற்றியல்காரர்கள் நிரூபித்தார்கள். ஆனால் அவர் கண்ட தொடர்பு தப்பாகவில்லை. 1990களின் கடைசியில் பாஸ்டனில் ராபர்ட் லெவின் என்பவர், இரைச்சல் இருக்கிறவர்களைப் பல்லைக் கடிக்கச் சொல்லியும் கழுத்தைத் திருப்பச் சொல்லியும் பார்த்தார். பெரும்பாலானவர்களுக்கு இரைச்சல் அந்த நேரத்திலேயே கூடியது, குறைந்தது. தாடையிலிருந்தும் கழுத்திலிருந்தும் வரும் நரம்புச் செய்திகள், காதின் செய்தி மூளைத்தண்டில் போய்ச் சேரும் அதே இடத்துக்கும் போகின்றன. அதனால்தான் அப்படி. சித்தியிடம் இதைச் சொன்னபோது உடனே பல்லைக் கடித்துப் பார்த்தார். "ஆமாடா, ஏறுது!" என்றார். (ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்றால் முதலில் கேட்கும் திறனைச் சோதிக்கத்தான் வேணும். அதைத் தாடை வலி என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள்.)

மூன்றாவது கொப்பி கொஞ்சம் சிக்கலானது. இடுப்பெலும்புக்கு அடியில், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தொட்டில் மாதிரித் தாங்கிக்கொண்டு ஒரு தசைத் தொகுதி இருக்கிறது. இடுப்புத்தளத் தசைகள் என்கிறோம். அவை தளர்ந்தால் என்னவாகும் என்று எல்லோரும் பேசுவார்கள். 1948இல் அர்னால்ட் கெகெல் சொல்லிக்கொடுத்த இறுக்கும் பயிற்சி உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது. அவை இறுகிப்போனால் என்னவாகும் என்பதைப் பேசியவர்கள் குறைவு. அதற்கும் முன்னால், 1937இல், கான்சஸ் சிட்டியின் ஜார்ஜ் தீல் அந்த இறுக்கம்தான் பலருடைய வால் எலும்பு வலிக்குக் காரணம் என்று எழுதியிருந்தார். தாடையையும் காதையும் சேர்த்துப் பார்த்த கோஸ்டனுக்கு மூன்றே வருஷம் பிந்தி. ஆனால் வேறு துறை, வேறு சஞ்சிகை. அங்கேயும் கொப்பிகள் தனித்தனிதான்.

தாடைக்கும் இடுப்புத்தளத்துக்கும் நேராக ஒரு கம்பி ஓடுகிறது என்று ரீல்ஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு கம்பிக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆதாரம் இருப்பது வேறொன்றுக்கு. காயத்தால் வரும் வலி, நரம்பு மண்டலத்தையே கூர்மையாக்கிவிடும் என்று 1983இல் லண்டனில் கிளிஃபர்ட் வூல்ஃப் விலங்குகளில் காட்டினார். அதன்பிறகு சின்னத் தொடுகைகூட வலியாகும், வலி ஓரிடத்தோடு நிற்காது. 2006இல் அமெரிக்காவில் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். புதிதாகத் தாடை வலி வந்தவர்களில் பலருக்கு அதற்கு முன்பே உடம்பின் வேறு இடங்களிலும் உபாதைகள் இருந்தன. பயத்திலும் அவசரத்திலும் மனித உடம்பு இறுக்கிப் பிடிக்கிற தசைகளில் தாடையும் இடுப்புத்தளமும் இரண்டு.

இதை வாசிக்கும்போது எனக்கு ஒரு பயமும் வந்தது. கருப்பையையும் தொண்டையையும் முடிச்சுப்போடும் கதை மிகப் பழையது. கருப்பை உடம்புக்குள் அலைந்து மேலே ஏறித் தொண்டையை அடைக்கும் என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். அவர்களுடைய கருப்பைச் சொல்லிலிருந்துதான் 'ஹிஸ்டீரியா' வந்தது. அமெரிக்க மனநோய்க் கையேடு அந்தப் பெயரை 1980இல்தான் கைவிட்டது. "யோசிக்காம இருங்க அம்மா" என்பது அதன் மரியாதையான பேரப்பிள்ளை. ஆகவே 'எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பு' என்று சொல்லும்போது, 'எல்லாம் மனசுதான்' என்று கைகழுவ இடம் கொடுத்துவிடக் கூடாது. இறுகியிருப்பது நிஜத் தசை. யார் இறுக வைத்தது என்று கேட்கணும்.

அதற்குத்தான் தோட்டத்துக்கு வரணும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்டது எங்கள் ஹேவாஹெட்டப் பக்கம்தான். 1872இல் தோட்டங்களுக்கென மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. ஆளை மலைக்கு அனுப்பும் அளவுக்கு உடம்பு நேரானால் போதும் என்பதே டிஸ்பென்சரியின் கணக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள் சம்பளம் என்பது 1984 வரை கிடைக்கவில்லை. ஆனால் கொழுந்து எடுத்தது பெரும்பாலும் பெண்கள்தான். கூடைக் கயிறு தலையில். கூடை நிறைய நிறைய பாரமெல்லாம் கழுத்தில். மலையில் கக்கூஸ் கிடையாது. காலையில் பெரட்டு முடிந்து ஏறினால் நிறுவைக்குத்தான் இறக்கம். மாதவிலக்கு நாளிலும் அதே கதைதான்.

வயசுக்கு வந்ததும் எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகள் கேட்கும் புத்திமதி இரண்டு. நிறுவையில் கிலோவை வெட்டினாலும், கங்காணி ஏசினாலும் "பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு". மலையில் முட்டினால் "அடக்கிக்கிட்டு இரு". இது வெறும் பேச்சுவழக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சித்தியின் உடம்பு இரண்டையும் இருபத்தாறு வருஷம் சொல் மாறாமல் செய்திருக்கிறது. தண்ணீர் குடித்தால் முட்டும் என்று தண்ணீரையும் குறைத்தவர் அவர். அவருடைய நோய்க்கு இதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று கிளினிக்கிலும் ஒருத்தர்கூட "என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்கவில்லை.

போன வருஷம் சித்தியை ஹந்தானை தேயிலை நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். 1925இல் கட்டிய தொழிற்சாலை அது, 2001இல் நூதனசாலை ஆனது. உருட்டும் மெசின்களைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள், டெய்லரின் சாமான்களும் இருக்கு. தாத்தாவுக்குக் காது போனது இந்த மாதிரி மெசின் பக்கத்தில் நின்றுதான். சத்தத்தால் வரும் அந்த இரைச்சல் வேறு, சித்தியுடையது வேறு. "எவ்வளவு அமைதியா இருக்கு பாரு" என்று சித்தி சிரித்தார்.

கடைசியில் உதவியது ஒரு பிசியோதெரபி மிஸ். கெகெல் பயிற்சிக்கு நேர் எதிராக, இறுக்குவதை விட்டு இளக்கக் கற்றுக்கொடுத்தார். அடிவயிறு உப்புகிற மாதிரி மூச்சு. நாக்கை மேலண்ணத்தில் வைத்து, உதடு மூடி, பல்லோடு பல் படாமல் தாடையைத் தொங்கவிடுவது. சித்திக்கு இது முதலில் பிடிபடவே இல்லை. "பல்லு படாம எப்படிடா சும்மா இருக்கிறது?" என்றார். நாலு மாதத்தில் அடிவயிற்று வலி பாதியானது. தாடைச் சத்தம் இன்னும் இருக்கு. இரைச்சல் சில ராத்திரி இல்லை, சில ராத்திரி இருக்கு.

இப்போது மூன்று கொப்பியையும் ஒரே றப்பர் பேண்டில் கட்டி வைத்திருக்கிறார். எந்த கிளினிக் போனாலும் மூன்றையும் சேர்த்துத்தான் மேசையில் வைக்கிறார். போன முறை நர்ஸ் மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாராம். "அதுவும் என்னோடதுதான் மிஸ், பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.