குரலுக்கு உரியவர் யார்?

1957ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்க இல்லங்களில் எட் சல்லிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடைசி உருப்படியாக இருபத்தாறு வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் பாடத் தொடங்கினார். சில நொடிகளிலேயே ஒளிபரப்பு அறுந்துபோயிற்று. ஒதுக்கப்பட்ட நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்தோர் சினந்து முறையிட, திசம்பர் முதல் நாள் அவரை மறுபடியும் அழைத்து முழுப்பாட்டையும் பாடவைத்தார் சல்லிவன். அவ்விளைஞர் சாம் குக்.

அறுபதுகளில் அமெரிக்காவில் ஓங்கி வளர்ந்த 'சோல்' இசையின் முன்னோடிகளுள் ஒருவர் அவர். சோல் என்னும் சொல்லுக்கு உயிர், ஆன்மா என்பது பொருள். 'ஆன்ம இசை' என்று பெயர்த்தால் நமக்குப் பஜனை மடம் நினைவுக்கு வந்துவிடும் ஆதலின், சொல்லை அப்படியே ஆளுகின்றேன். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் எழுந்த நற்செய்திப் பாடல்களின் உருக்கமும், ப்ளூஸ் எனப்படும் துயர்ப்பாடல்களின் உலகியலும் ஒன்று கலந்த இசை இது. 1954இல் ரே சார்ல்ஸ் தேவாலயப் பாடலொன்றின் மெட்டில் காதற்பாடல் புனைந்தபோது, இறைவனுக்குரியதை மனிதருக்குக் கொடுத்துவிட்டார் என்று பக்தர்கள் பலர் நொந்துகொண்டனர். பக்திக்கும் காதலுக்கும் ஒரே மொழியைக் கையாண்டு பழகிய நமக்கு அந்தச் சினம் சற்று வியப்பாகவே தோன்றும்.

இசை என் துறையன்று. வகுப்பில் புறநானூற்றின் 11ஆம் பாட்டை நடத்தும்போது எழுந்த ஒரு வினாவே என்னை இப்பக்கம் ஈர்த்தது. பேய்மகள் இளவெயினி என்னும் பெண்பாற் புலவர் சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவைப் பாடியது அப்பாட்டு. பாடினி பொன்னணி பெற்றாள். பாணன் பொற்றாமரை பெற்றான் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார் புலவர். துறையோ பரிசில் கடாநிலை. பாடியவர்க்குக் கிடைத்தது, பாட்டுக் கட்டிய எனக்கு எங்கே என்னும் கேள்வி சொல்லாமலே நிற்கிறது. அமெரிக்க வானொலியில் இம்முறை தலைகீழ். பாட்டு எழுதியவருக்குப் பங்கு உண்டு, பாடியவருக்கு இல்லை. அந்நாட்டுச் சோல் பாடகியர் பலரின் வாழ்க்கையை இந்த ஒரு விதியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம் என்பது என் துணிபு.

சாம் குக் இதனை மிக முன்னரே உணர்ந்தவர். சோல் ஸ்டிரர்ஸ் என்னும் நற்செய்திக் குழுவில் புகழ்பெற்றிருந்த அவர், உலகியற் பாடல்களுக்கு மாறியபோது பக்தர்களுக்கு அஞ்சி முதற்கண் டேல் குக் என்னும் புனைபெயரில் பாடினார். குரலை மறைக்கப் பெயரால் ஆகுமா? எல்லாரும் கண்டுகொண்டனர். பின்னர்த் தம் பாடல்களின் உரிமையைக் காக்க நண்பர் ஜே. டபிள்யூ. அலெக்சாண்டருடன் சேர்ந்து பதிப்புரிமை நிறுவனம் ஒன்றையும், எஸ்.ஏ.ஆர். என்னும் இசைத்தட்டு நிறுவனத்தையும் நிறுவினார். கறுப்பினப் பாடகர் ஒருவர் எழுத்துக்கும் தட்டுக்கும் தாமே உரியவராவது அந்நாளில் அரிது.

1963 அக்டோபரில் லூசியானா மாநிலத்து சுரீவ்போர்ட் நகரில், முன்பதிவு செய்திருந்த விடுதியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. வாதிட்டவர் கைது செய்யப்பட்டார். அடுத்த சனவரி 30ஆம் நாள் அவர் ஒலிப்பதிவு செய்த 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' என்னும் பாடல், மாற்றம் வரும் என்ற நம்பிக்கையையும் அதற்குள் உயிர் போய்விடுமோ என்ற அச்சத்தையும் ஒருங்கே தாங்கியது. பிப்ரவரி 7ஆம் நாள் ஜானி கார்சனின் 'டுநைட் ஷோ'வில் முழு இசைக்குழுவுடன் அதைப் பாடினார். இரண்டு நாள் கழித்து அதே நாட்டின் திரையில் பீட்டில்ஸ் தோன்ற, ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் பார்த்தனர். அந்த ஆரவாரத்தில் குக் பாடியது அமுங்கிப்போனது. அமுங்கியது மட்டுமன்று, அந்த ஒளிப்பதிவே இன்று இல்லை. நாடாக்கள் விலை மிக்கவை ஆதலால் பழைய நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்துவது அந்நாளைய தொலைக்காட்சி வழக்கம். (நம் வட்டத்தின் தொடக்க ஆண்டுக் கவியரங்கப் பதிவுகள் பல பழுதடைந்த கைப்பேசிகளோடு போய்விட்டதை நினைத்து இவ்விடத்தில் நான் சற்றே நாணினேன்.)

அவ்வாண்டு திசம்பர் 11ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிசில் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். அகவை முப்பத்து மூன்று. அப்பாடல் தனித்தட்டாக வெளிவந்தது அதன் பிறகுதான். அதிலும், திரைப்படம் பார்க்கவும் நகர்க்கடைவீதியில் திரியவும் தடை என்று நிறவேற்றுமையை நேரே சுட்டிய கண்ணியை நீக்கிவிட்டே வெளியிட்டனர். அரிதின் முயன்று அவர் சேர்த்த உரிமைகளோ, மேலாளராயிருந்த ஆலன் க்ளைனின் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன.

இனி டெட்ராய்ட் நகருக்குச் செல்வோம். அங்கு 1959இல் பெரி கார்டி என்னும் கறுப்பின இளைஞர் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்றுத் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் மோட்டவுன் ஆயிற்று. மேற்குக் கிராண்ட் புலவார்டில் ஒரு சாதாரண வீடு. வாகனக் கொட்டகைதான் ஒலிப்பதிவுக் கூடம். தொலைக்காட்சியின் ஆற்றலை அவரைப் போல் அறிந்தவர் அக்காலத்தில் குறைவு. 1956-57இல் நாட் கிங் கோலின் நிகழ்ச்சி, ஒரு கறுப்பினத்தவர் பெயரில் நடப்பதாலேயே நாடளாவிய விளம்பரதாரர் எவரும் கிடைக்காமல் நின்றுபோனதை நாடே கண்டிருந்தது. ஆகவே வெள்ளையர் இல்லத்து வரவேற்பறையில் நுழையத்தக்கவர்களாகத் தம் பாடகரை ஆக்கக் கார்டி முனைந்தார். நடையும் அமர்வும் பேச்சும் கற்பிக்க மாக்சின் பவல் என்ற அம்மையார். ஆட்ட அசைவுகளுக்குச் சோலி அட்கின்ஸ். இதனை அடிமைத்தனம் என்பாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கதவு அவ்வளவே திறந்திருந்த காலத்தில், உள்ளே நுழைவதற்கு வேண்டிய கலையைக் கற்றனர் என்பதே சரி.

1964 திசம்பர் 27ஆம் நாள் சுப்ரீம்ஸ் என்னும் மூவர் குழு முதன்முறையாகச் சல்லிவன் மேடையில் தோன்றியது. அன்று மில்வாக்கியில் பத்து வயதுச் சிறுமியாகத் திரைமுன் அமர்ந்திருந்த ஓப்ரா வின்ஃப்ரே, தன்னைப் போன்ற நிறமுடைய பெண்களை அத்துணை எழிலோடும் பெருமிதத்தோடும் கண்ட அந்த இரவைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அக்குழுவின் பாடல்கள் பன்னிரண்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றன.

அம்மூவருள் டயானா ராஸின் பெயர் உலகறிந்தது. மேரி வில்சனையும் பலர் அறிவர். மூன்றாமவர் ஃபிளாரன்ஸ் பல்லார்ட். குழு உருவாகக் காரணமாயிருந்தவர் அவரே. பல பெயர்களுக்கு நடுவே சுப்ரீம்ஸ் என்பதைத் தேர்ந்தவரும் அவரே. தேவாலயக் கூடத்தையே நிறைக்கவல்ல பெருங்குரல் அவருடையது. திரைக்கும் வானொலிக்கும் ராஸின் மெல்லிய குரலே ஏற்றது என்று கார்டி கருத, பல்லார்ட் பின்வரிசைக்குப் போனார். 1967இல் குழுவிலிருந்து நீங்கினார். சிண்டி பேர்ட்சாங் அவ்விடத்திற்கு வந்தார். அடுத்த ஆண்டு கையெழுத்தான விலகல் உடன்பாட்டின்படி, தாம் முன்னாள் சுப்ரீம்ஸ் பாடகி என்று விளம்பரம் செய்துகொள்ளவும் அவருக்கு உரிமையில்லை. தாமே தேர்ந்த பெயரைத் தாம் சொல்லக்கூடாது! பிறகு வெளியிட்ட தனித்தட்டுகள் எடுபடவில்லை. வீடு கைவிட்டுப் போயிற்று. அரசின் உதவித்தொகையில் பிள்ளைகளை வளர்த்தார். 1976 பிப்ரவரி 22ஆம் நாள், முப்பத்திரண்டாம் அகவையில், மாரடைப்பால் மறைந்தார்.

இதற்கெல்லாம் கார்டி ஒருவரையே குற்றவாளியாக்குவது எளிது. நான் அதற்கு உடன்படேன். ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. பாடகரோடு ஒப்பந்தம் செய்தது மோட்டவுன். பாடல்களின் பதிப்புரிமை மோட்டவுனின் ஜோபெட் நிறுவனத்திடம். பாடகரின் நலம் பேணவேண்டிய மேலாண்மை அலுவலகமும் மோட்டவுனுடையதே. ஓலை எழுதியவரும், அதைச் சரிபார்க்க வேண்டியவரும் ஒருவரே என்றால் கையெழுத்திட்டவர் கதி என்னாகும்? தட்டுகளில் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் இசைக்கலைஞரின் பெயர்கள் 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை உறையில் அச்சாகவே இல்லை.

தெற்கே மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் இந்த மெருகு கிடையாது. பழைய திரையரங்கு ஒன்றே கூடம். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒருங்கமர்ந்து வாசித்தனர். 1962இல் வேறொரு கலைஞருக்கு வண்டியோட்டி வந்த ஓட்டிஸ் ரெட்டிங், எஞ்சிய நேரத்தில் தாமும் ஒரு பாட்டுப் பாட இசைவு பெற்று அன்றே அறியப்பட்டார். ஐந்தே ஆண்டுகள். 1967 திசம்பர் 9ஆம் நாள் கிளீவ்லாந்தில் 'அப்பீட்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார். மறுநாள் விஸ்கான்சின் மாநிலத்து மொனோனா ஏரியில் விமானம் விழுந்து மறைந்தார். அவர் இருபத்தாறு வயதினர். அடுத்த ஆண்டு, அட்லாண்டிக் நிறுவனத்தோடு செய்திருந்த விநியோக ஒப்பந்தத்தின்படி மூலநாடாக்கள் யாவும் அட்லாண்டிக்கிற்கே உரியவை என்பதை ஸ்டாக்ஸ் உரிமையாளர் தெரிந்துகொண்டார். படிக்காமல் கையெழுத்திட்டது பாடகர் மட்டுமன்று என்பது இதனாற் போதரும்.

ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' என்னும் பாடலே இவ்வரலாற்றின் நடுநாயகம். உழைத்துப் பொருளீட்டி வீடு திரும்பும் ஆண், மனைவியிடம் மதிப்பு வேண்டி நிற்பது அதன் பொருள். டெட்ராய்ட் போதகர் ஒருவரின் மகளான அரேத்தா ஃபிராங்க்ளின் 1967 பிப்ரவரி 14ஆம் நாள் நியூயார்க்கில் அதைப் பாடினார். அதற்குமுன் கொலம்பியா நிறுவனத்தில் ஏறத்தாழ ஆறாண்டுகள் பாடியும் அவருக்கேற்ற இடம் அமையவில்லை. அட்லாண்டிக்கிற்கு மாறிய பிறகே பியானோவின் முன் தாமே அமர்ந்து தம் வழியில் பாட வாய்த்தது. பாட்டின் கூற்றை அவர் மாற்றினார். ஆண் கேட்ட மதிப்பைப் பெண் கேட்டாள். அகப்பாட்டில் தலைவன் கூற்றைத் தலைவி கூற்றாக்கினால் என்னென்ன மாறும் என்று நம் கவிஞர்கள் எண்ணிப்பார்க்கலாம். மதிப்பு என்னும் அச்சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் பகுதி ரெட்டிங்கிடம் இல்லை; இவர் சேர்த்தது. தங்கையும் தமக்கையும் பின்னின்று இசைக்கும் தொடரும் அவ்வாறே. இன்று எவர் காதிலும் ஒலிப்பது இப்பகுதிகளே. தம் பாட்டை ஒரு பெண் கவர்ந்துகொண்டாள் என்று ரெட்டிங்கே மாண்டரே இசைவிழா மேடையில் விளையாட்டாகச் சொன்னார். பாட்டு அவ்வாண்டே முதலிடம் பெற்று, குடியுரிமைப் போராட்டத்திற்கும் பெண் விடுதலைக்கும் பொதுப்பாட்டாயிற்று.

வானொலி அதனை எத்துணை முறை ஒலித்திருக்கும்! ஒவ்வொரு முறையும் பங்கு போனது எழுதியவர்க்கும் பதிப்பாளர்க்கும். பாடியவர்க்கு ஒன்றுமில்லை. வானொலியில் ஒலித்தால் தட்டு விற்கும், அதுவே பாடகருக்குப் பயன் என்பது ஒலிபரப்பாளர் வாதம். ரெட்டிங்கின் குடும்பத்தார்க்கு அத்தொகை சென்றது முறையே. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஆக்கம் என்பது எழுத்து மட்டுந்தானா? ஒரு பாட்டின் பொருளையே திருப்பிப்போட்ட குரலை ஆக்கம் அன்று என்று எந்த இலக்கணம் சொல்லும்? உரையாசிரியரையும் ஆசிரியர் என்றழைத்த மரபு நம்முடையது.

தம் விலையறிந்து நடந்தவர் ஜேம்ஸ் பிரவுன். அப்பல்லோ அரங்கில் 1962இல் தம் நிகழ்ச்சியைப் பதிய நிறுவனம் மறுத்தபோது, சொந்தப் பணத்தில் பதிந்தார்; அத்தட்டு பட்டியலில் 66 வாரம் நின்றது. 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். மறுநாள் பாஸ்டனில் பிரவுனின் நிகழ்ச்சி. நகரங்கள் எரிந்துகொண்டிருந்தன. அதனை நிறுத்தாமல் பொதுத்தொலைக்காட்சியில் நேரே ஒளிபரப்பினால் மக்கள் வீட்டிலிருப்பர் என்று மேயர் கெவின் வைட் கருதினார். அரங்குக்கு ஆள் வராவிடின் நேரும் இழப்பை யார் ஈடுசெய்வது என்று பிரவுன் கேட்டார். துக்கநாளில் பணம் கேட்டாரே என்று குறை சொல்வோர்க்கு, அக்கேள்வியைக் கேளாத ஏனையோர் முடிவை நினைவூட்ட விரும்புகிறேன். மேடையில் இளைஞர் ஏறி நெருக்கியபோது காவலரை விலகச் சொல்லித் தாமே அவர்களை அமைதிப்படுத்தினார். மற்ற நகரங்களை நோக்கப் பாஸ்டன் அன்றிரவு அமைதியாயிருந்தது. அந்தப் பதிவு நல்வினையால் அழியவில்லை.

1964இல் 'மை கை' பாடி மோட்டவுனுக்குப் பெரும்புகழ் தந்த மேரி வெல்ஸ், 1990இல் தொண்டைப் புற்றுநோய்க்கு ஆளானார். மருத்துவக் காப்பீடு இல்லை; 1988இல் தோன்றிய ரிதம் அண்ட் ப்ளூஸ் அறக்கட்டளையும் சக கலைஞரும் உதவினர். 1992இல் மறைந்தார்.

கூட்டரசுச் சட்டமும் இவர்களைக் கைவிட்டிருந்தது. 1972 பிப்ரவரி 15க்கு முற்பட்ட ஒலிப்பதிவுகளுக்கு அச்சட்டத்தின் காப்பு இல்லாமையால், அறுபதுகளின் குரல்கள் முற்றும் வெளியே நின்றன. இணையவழி ஒலிபரப்பில் அவற்றைப் பாடியோர்க்கும் பங்கு வேண்டும் என்று வாஷிங்டன் சென்று வாதாடியவருள் சுப்ரீம்ஸ் குழுவின் மேரி வில்சன் ஒருவர். அதற்கான சட்டம் 2018 அக்டோபர் 11ஆம் நாள் கையெழுத்தாயிற்று. அரேத்தா ஃபிராங்க்ளின் அதற்கு எட்டு வாரங்கட்கு முன், ஆகஸ்டு 16ஆம் நாள், டெட்ராய்டில் இயற்கை எய்தியிருந்தார். மேரி வில்சன் 2021 பிப்ரவரி 8ஆம் நாள் மறைந்தார். அச்சட்டம் இணையத்தையும் செயற்கைக்கோள் வானொலியையும் பற்றியது. தரைவழி வானொலியை அது தொடவில்லை.