அந்த நாள் (1954 திரைப்படம்)

அந்த நாள், 1954 ஏப்ரல் 13 அன்று வெளியான தமிழ்க் கொலை மர்மப் படம். காரைக்குடிக்காரரான ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரின் ஏவி.எம். நிறுவனம் தயாரித்தது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், பின்னாளில் 'வீணை' பாலசந்தர் என்றால்தான் பலருக்கும் தெரியும். பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் இது. நடனமும் சண்டையும்கூடக் கிடையாது. முப்பதுகளில் ஒரு படத்துக்கு நாற்பது, ஐம்பது பாட்டு கேட்டுப் பழகிய ரசிகர்களின் முன் இதைக் கொண்டுபோய் நிறுத்தத் துணிச்சல் வேண்டும்.

கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு போட்ட மறுநாள். படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. ரேடியோ எஞ்சினியர் ராஜன் நம்மை நோக்கித் தள்ளாடி வந்து விழுகிறான். விழுபவர் சிவாஜி கணேசன்! சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாக வரும் ஜாவர் சீதாராமன்தான் வசனமும் எழுதியவர். மனைவி உஷா (பண்டரிபாய்), தம்பி, தம்பி மனைவி, அண்டை வீட்டுச் சின்னையா, நாட்டியக்காரி அம்புஜம் என ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகிறார்கள். ஒருவர் கை இன்னொருவரைச் சுட்டுகிறது. ஒவ்வொரு வாக்குமூலத்திலும் ராஜனின் வேறொரு முகம் தெரிகிறது.

எழுபது ஆண்டு கடந்த படம் என்பதால் முடிவைச் சொல்வதில் பாவமில்லை. சுட்டவள் உஷா. தன் திறமைக்கு அரசு ஆதரவு தரவில்லை என்ற கசப்பில் ராஜன் ஜப்பானியருக்கு ரகசியம் விற்றான். தேசபக்தையான மனைவியால் அதைப் பொறுக்க முடியவில்லை. நாயகனே துரோகி, தாலி கட்டியவனைச் சுட்டவளே கதையின் மனசாட்சி என்ற இந்த ஏற்பாடு, பாட்டை எடுத்ததைவிடப் பெரிய சோதனை.

அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) பார்த்த பாதிப்பில் பாலசந்தர் முதலில் இதை வானொலி நாடகமாக எழுதினார். அது ஏற்கப்படாமல் போனதும் மெய்யப்பனிடம் வந்தார். 'ராஷோமோனின் தமிழ் வடிவம்' என்று பலரும் எழுதுவது அவ்வளவு சரியில்லை. அங்கே ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். இங்கே செத்தவன் எப்படிப்பட்டவன் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆந்தனி ஆஸ்க்வித் இயக்கிய பிரிட்டிஷ் படமான 'தி வுமன் இன் குவெஸ்சன்' (1950) இதற்கு இன்னும் நெருக்கம். ராஜன் வேடத்தில் முதலில் வேறொருவரை வைத்துக் கொஞ்சம் எடுத்துவிட்டு, திருப்தியில்லாமல் சிவாஜியைப் போட்டார்கள். மாருதிராவின் ஒளிப்பதிவு முகங்களில் பாதியை இருட்டில் விட்டு வைக்கிறது.

போர்க்காலச் சென்னை மெய்யப்பனுக்கு ஏட்டில் படித்த விஷயம் அல்ல. 1907இல் காரைக்குடியில் பிறந்து, தந்தை ஆவிச்சி செட்டியாரின் கடையிலிருந்து இசைத்தட்டு வியாபாரத்துக்கும், அதன் வழியே சினிமாவுக்கும் வந்தவர். போர்க்காலக் கட்டுப்பாடும் மின்சாரப் பிரச்சினையும் சென்னையில் வழிமறித்தபோது, 1945இல் சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி, தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகை போட்டு ஏவி.எம். ஸ்டுடியோவைத் தொடங்கினார். 'நாம் இருவர்' (1947) அங்கே உருவானதுதான். 1948இல் நிறுவனம் கோடம்பாக்கத்துக்கு மாறியது.

'அந்த நாள்' படத்தை விமர்சகர்கள் பாராட்டினார்கள், வசூல் கைகொடுக்கவில்லை. தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. பாலசந்தர் பிறகு சொந்த நிறுவனம் தொடங்கி, 'அவனா இவன்' (1962), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) ஆகிய மர்மப் படங்களை எடுத்தார். அவற்றில் பாட்டு திரும்ப வந்துவிட்டது, 'பொம்மை'யில்தான் கே. ஜே. யேசுதாஸ் தமிழில் முதன்முதலாகப் பாடினார்.