ஆயுட்காலப் பதவியும் அஞ்சாத தீர்ப்பும்



நீதிபதியை நியமிப்பவர் ஒருவர். அந்நியமனத்துக்குப் பரிந்து பேசுவோர் வேறு சிலர். அவ்வாறு பதவி பெற்றவர், தமக்கு உதவியவர்களுக்குக் கடன்பட்டவராக நடவாமல் இருப்பது எங்ஙனம்? இவ்வினா எழும்போதெல்லாம் அமெரிக்க நீதிபதி ஒருவரின் வாழ்க்கை என் நினைவுக்கு வருகிறது. அவர் பெயர் ஜூலியஸ் வேட்டிஸ் வேரிங்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாநில நீதிமன்றங்கள் ஒருபுறமிருக்க, மத்திய அரசின் நீதிமன்றங்கள் தனியே இயங்குகின்றன. அவற்றுள் வழக்குகளை முதன்முதலில் விசாரிப்பது மாவட்ட நீதிமன்றம். அதன் நீதிபதியை ஜனாதிபதி பெயர் குறிப்பிட, செனட் சபை இசைவு தர வேண்டும். அந்தந்த மாநிலத்துச் செனட்டர்களின் சொல்லுக்கு இதில் செல்வாக்கு மிகுதி. ஆயினும், பதவியேற்ற பின்னர் அவர் நன்னடத்தை உள்ளவரையில் நீதிபதியே. அவருடைய ஊதியத்தைக் குறைத்தலும் ஆகாது. பிரதிநிதிகள் சபை குற்றஞ்சாட்டி, செனட் சபை மூன்றில் இரு பங்கு வாக்கால் அதனை உறுதி செய்தாலன்றி அவரை நீக்க இயலாது. 1787-இல் வரையப்பெற்ற அரசியலமைப்பு செய்து வைத்த ஏற்பாடு இது.

வேரிங் 1880-இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், பழம்பெருமை வாய்ந்த வெள்ளையர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1902-இல் வழக்கறிஞரானார், பின்னாளில் நகராட்சியின் சட்ட ஆலோசகராகவும் விளங்கினார். வெள்ளையர் மேலாண்மையை வெளிப்படையாகப் பேசிவந்த செனட்டர் எலிசன் ஸ்மித்துக்கு 1938-ஆம் ஆண்டுத் தேர்தலில் துணை நின்று உழைத்தார். 1941 டிசம்பரில் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவர் பெயரைக் குறிப்பிட, 1942 ஜனவரியில் செனட் இசைந்தது. அப்போது அவருக்கு வயது 61. இத்தகையவர் பழைய வழக்கங்களை அசைப்பார் என்று எவர்தாம் எண்ணியிருப்பர்?

ஆனால், நீதிமன்றத்தில் அமர்ந்தவர் வழக்குகளிலிருந்து பாடம் கற்றார். 1946-இல், போர்ப்பணி முடித்துச் சீருடையோடு ஊர் திரும்பிய ஐசக் உட்வர்டு என்னும் கறுப்பினப் படைவீரரை ஊர்க்காவல் தலைவர் ஒருவர் அடித்து, இரு கண்களையும் குருடாக்கினார். வழக்கு வேரிங்கின் முன் வந்தது. வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரர் குழு, ஏறக்குறைய அரைமணி நேரத்தில் குற்றவாளியல்லர் என்று கூறிக் காவலரை விடுவித்தது. அத்தீர்ப்பு வேரிங்கின் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது.

1947-இல், ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் கறுப்பின மக்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று அவர் தீர்ப்பளித்தார். அக்காலத்தில் அம்மாநிலத்தில் அத்தேர்தலில் வென்றவரே பதவி பெறுவார். ஆதலின் அவ்வுரிமையே உண்மையான வாக்குரிமை. சினம் மூண்டது. நண்பர்கள் விலகினர். 1950-இல் அவர் வீட்டின்மீது கல் வீசினர். வீட்டருகே சிலுவையைக் கொளுத்தினர். அவரை நீக்க வேண்டும் என்ற கூக்குரல் மாநிலச் சட்டமன்றம் வரை எட்டியது. எனினும், மத்திய நீதிபதியை அகற்றும் அதிகாரம் அச்சட்டமன்றத்துக்கு இல்லை. மக்கள் வாக்கால் பதவி பெறுபவராயின் அடுத்த தேர்தலோடு அவர் காலம் முடிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பின்னர் வந்தது கிளாரெண்டன் வட்டாரப் பள்ளி வழக்கு. அங்கு வெள்ளைக் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 179 டாலரும், கறுப்பினக் குழந்தைக்கு 43 டாலரும் செலவிடப்பட்டன. வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் வசதிகளில் சமத்துவம் கோரி வந்தபோது, பிரித்து வைக்கும் முறையையே எதிர்த்து வழக்கிடுமாறு வேரிங் தூண்டினார். மூன்று நீதிபதிகள் விசாரித்தனர். 1951-இல் இருவர் பழைய முறையை ஏற்றனர். வேரிங் ஒருவரே மாறுபட்டு, பிரித்து வைத்தலே சமமின்மையாகும் என்று எழுதினார். 1954 மே 17-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்து அதே முடிவுக்கு வந்தனர். அவர்கள் தீர்த்த வழக்குகளுள் கிளாரெண்டன் வழக்கும் ஒன்று.

இங்கே ஒன்றை நாம் மறத்தலாகாது. நீதிபதிக்கு ஆயுட்காலப் பதவி அரணாக இருந்தது. வழக்காடிய எளியவர்களுக்கு எந்த அரணும் இல்லை. மனுவில் முதற்பெயராக நின்ற ஹாரி பிரிக்ஸ், பெட்ரோல் நிலையத்தில் தாம் பார்த்துவந்த வேலையை இழந்தார். அவர் மனைவியும் வேலை இழந்தார். அவர்கள் துணிந்து நீதிமன்றப் படியேறியிராவிடில், எத்துணைச் சுதந்திரம் பெற்ற நீதிபதியும் ஒரு வரி எழுதியிருக்க இயலாது.

பத்தாண்டுப் பணி நிறைவுற்றதும், 1952-இல் வேரிங் ஓய்வு பெற்று நியூயார்க் நகரில் குடியேறினார். 1968-இல் மறைந்த அவர் உடலைச் சார்ல்ஸ்டனில் அடக்கம் செய்தபோது கறுப்பின மக்கள் திரளாக வந்தனர். வெள்ளையர் மிகச் சிலரே. 2015-இல் அந்நகரத்து மத்திய நீதிமன்றக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கியது. அதுவரை அதற்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் செனட்டராக இருந்த ஏர்னஸ்ட் ஹாலிங்ஸ் என்பவருடையது. தம் பெயரை நீக்கி வேரிங்கின் பெயரை வைக்குமாறு கேட்டவரும் அவரே.

ஆயுட்காலப் பதவி எல்லோரையும் வேரிங் ஆக்கிவிடாது. அவரோடு அமர்ந்த மற்ற இருவருக்கும் அதே பாதுகாப்பு இருந்ததன்றோ? சட்டம் அஞ்சாமைக்கு இடமளிக்கும். அவ்விடத்தை நிரப்ப வேண்டியது மனிதரின் மனச்சான்று. நீதிபதிகளின் நியமனத்தைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள், அவர்களை நியமித்தவர் யார் என்பதோடு நில்லாது, நியமனம் பெற்றபின் அவர்கள் யாருக்கும் அஞ்சாதிருக்கச் சட்டம் வழி செய்துள்ளதா என்பதையும் ஆராய வேண்டும் என்று வேண்டி அமைகிறேன்.