குழல் செய்த மரம்

பழனிமலைக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட திண்டுக்கல் சமவெளியின் கைத்தொழில் வரலாற்றை ஆராய்வார்க்கு அகநானூற்றின் முதற்பாட்டு ஒரு பழஞ்சான்று தருகின்றது. மாமூலனார் ஆவியின் பொதினியைப் பாடுமிடத்து, அங்குச் சாணைக்கல் செய்யும் தொழிலாளன் அரக்கையும் கல்லையும் பிரியாவாறு இணைத்தலைக் காதலர் பிரியாமைக்கு உவமையாக்கினார். பொதினி இன்றைய பழனி என்பது அறிஞர் துணிபு. அத்தொழிலாளன் பெயரைப் புலவர் கூறினாரல்லர். அவன் தொழிலின் ஒரு செயல் மட்டும் உவமையாக நின்றது. பட்டறைத் தொழில்களின் வரலாறு பெரும்பாலும் இங்ஙனமே நூல்களின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றது. அவற்றுள் ஒன்றாகிய குழல் செய்தலை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

குழல் என்றவுடன் மூங்கிலே நம் நினைவிற்கு வருகின்றது. சங்கச் சான்றுகளும் அதற்கு இயைவனவே. வண்டு துளைத்த மூங்கிலிற் புகுந்த கோடைக்காற்றுக் குழலிசை எழுப்புவதாகக் கபிலர் அகநானூற்றின் 82ஆம் பாட்டிற் கூறுவர். பெரும்பாணாற்றுப்படையின் ஆயனோ தீக்கடைகோலாற் பெற்ற கொள்ளியைக்கொண்டு துளை சுட்டுக் குழல் செய்து பாலைப்பண் இசைக்கின்றான். முன்னது இயற்கை இட்ட துளை. பின்னது தீ இட்ட துளை. இரண்டிற்கும் பட்டறை வேண்டுவதில்லை. மூங்கிலின் உட்புழை இயற்கையே அளித்தது.

ஆயின், குழல் வரலாறு மூங்கிலோடு முடிந்ததன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரை வேறொரு நிலையைக் காட்டுகின்றது. கொங்குமண்டல சதகம் தன் நாட்டினராகப் போற்றும் இவ்வுரையாசிரியர், குழல் செய்தற்குரியன மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து என்பர். அவற்றுள் மூங்கில் தலையாயது, வெண்கலம் இடையாயது, ஏனையவை கடையாயவை என்பது அவர் காட்டும் நூன்முறை. உடனே அவரே, மூங்கில் பொழுதிற்கேற்ப மாறும், வெண்கலம் வலிது, மரமே எப்பொழுதும் ஒத்து நிற்கும் என்றும், தம் காலத்தில் மரக்குழலே கொள்ளப்படுவது என்றும், கருங்காலியே பெருவழக்கு என்றும் எழுதுகின்றார்.

இம்முரண்பாடு சிறிதன்று. நூன்முறை கடையென்று ஒதுக்கியதனை வழக்குத் தலையாகக் கொண்டது. உரையாசிரியர் நூலைத் திருத்தவில்லை, வழக்கை மறைக்கவுமில்லை. இரண்டனையும் அருகருகே வைத்தார். மரத்தைக் கொண்டதற்கு அவர் கூறும் காரணம் ஏட்டறிவன்று. குழலை நாள்தோறும் கையாண்டவர் அறிந்த உண்மையாதல் வேண்டும் என யாம் கருதுகின்றோம்.

மரத்தைத் தேரும் முறையும் இதனையே வலியுறுத்தும். நாற்புறக் காற்றும் மோதுமிடத்து மரத்தில் நாதமில்லை என்பர். காற்றால் அலைப்புண்ட மரம் ஒருபுறம் தடித்து இழை திருகுதல் இயல்பாதலின், இக்கூற்றுப் பொருளுடையதே. மிக இளையதும் மிக முதிர்ந்ததும் ஆகாமல், ஒரு மனித வாழ்நாள் அளவு வளர்ந்த மரத்தை வெட்டி, நிழலில் ஆறவிட்டு, திருகலும் பிளப்பும் இன்மை கண்டு, ஓராண்டு கழிந்தபின்னரே குழல் செய்க என்பது விதி. ஈரமரம் உலருங்கால் சீரின்றிச் சுருங்கும். உட்புழை கோணினால் சுரமும் கோணும். ஓராண்டுக் காத்திருப்பின் பொருள் இதுவே.

அளவுகளையும் நோக்குவோம். குழலின் நீளம் 20 விரல். சுற்றளவு நாலரை விரல். நெல்லரிசியிற் பாதியளவு மரமே சுவராக நிற்குமாறு உள்ளே கடைதல் வேண்டும். வெண்கல அணைசால் இடமுகம் அடைக்கப்படும். தூம்பு முகத்தில் 2 விரல் நீக்கி ஊதும் வாய். அதன்பின் 7 விரல் வெளி. பின்னர் 9 விரலிடத்தில் 8 துளைகள். இறுதியில் 2 விரல். இவற்றைக் கூட்டின் சரியாக 20 ஆகின்றது. ஏடு பெயர்த்தெழுதுவோர் கைகள் பலவற்றைக் கடந்தும் கணக்குப் பிறழவில்லை. எட்டனுள் ஒன்று முத்திரை எனக் கழிய, எஞ்சிய ஏழில் விரல்கள் இயங்கும். இன்றைய கருநாடக இசைப் புல்லாங்குழலிலும் துளை எட்டு; விரல் வைப்பன பெரும்பாலும் ஏழே.

உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு சிலப்பதிகாரத்தை இவ்வுரையொடு பதிப்பித்த நாள்தொட்டு, இப்பகுதி இசையிலக்கணமாகவே பெரிதும் கற்கப்பெற்று வருகின்றது. இதனைத் தொழிலிலக்கணமாகவும் கற்றல் தகும். அதற்குத் துணையாவது தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை. அவ்வூர்ச் சிறு பட்டறைகளில் நாகசுரம் ஆச்சா மரத்தாற் கடையப்பெறுகின்றது. புதுமரத்தை விடுத்துப் பழைய வீடுகளைப் பிரிக்குங்கால் கிடைக்கும் மரத்தையே தொழிலாளர் விரும்புகின்றனர். உரையாசிரியர் ஓராண்டு ஆறவிடச் சொன்னதை, இவர்கள் தலைமுறைக் கணக்கில் ஆறிய மரத்தாற் பெறுகின்றனர். நாகசுரம் சீவாளி வைத்து ஊதப்படுவது. பழங்குழலின் நேர்வழியினது என்று யாம் கூறவில்லை. மரத்தைப் பற்றிய அறிவு ஒன்றென்பதே எம் கருத்து. அணைசு என்னும் சொல்லும் அங்கு அணசு என வழங்குகின்றது. பண்டு குழலின் முகத்தை அடைத்ததன் பெயர், இன்று நாகசுரத்தின் அடிப்பகுதியில் விரிந்த வாயிற்கு ஆயிற்று. பொருள் பெயர்ந்ததேனும் சொல் பட்டறையை விட்டு நீங்கவில்லை.

திண்டுக்கல்லிற் கையாற் செய்யப்பெறும் பூட்டு 2019ஆம் ஆண்டிலும், நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. அக்குறியீடு பொருளின் பெயரைக் காக்கும். தொழிலாளர் நாவில் வழங்கும் சொல்லையும் கை அறிந்த அளவையும் காவாது. பொதினிக் கல்தொழிலாளனுக்கு ஒரு மாமூலனாரும், குழல் கடைந்தவனுக்கு ஓர் அடியார்க்குநல்லாரும் வாய்த்தனர். இன்றைய பட்டறைகளின் சொற்களைத் தொகுத்து உரைகளோடு ஒப்பிடும் பணி தமிழாய்வாளர்க்கே உரியது. அணைசு என்னும் ஒரு சொல்லே இத்துணை விளக்கந் தருமாயின், தொகுக்கப்பெறாத சொற்கள் மறையுந்தோறும் நம் பழைய உரைகளின் ஒவ்வொரு பகுதியும் இருளடையும் என்பதை மறத்தலாகாது.