பெயர் எழுதப்படாத ஓவியம்

எமது கல்லூரிப் பிரதான மண்டபத்தில், மேடையின் வலப்புறச் சுவரில் தொங்கும் தைலவர்ண ஓவியத்தை அறியாத பழைய மாணவி இருக்க முடியாது. கடனீரேரிக் கரை, மூன்று பனைகள், கரையேற்றிய வள்ளம், மழைக்கு முந்திய வானம். கையெழுத்து மட்டும் இல்லை. அது சார்ள்ஸ் பிறீகுறோவ் வின்சர் வரைந்தது என்ற பேச்சு நெடுங்காலமாக எம்மிடையே உண்டு. நூற்றாண்டை ஒட்டி அதனை விற்றுப் புலமைப்பரிசில் நிதிக்குச் சேர்க்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. ஆதலால் முதலில் அதனை முறையாக ஆராய்ந்தோம்.

வின்சர் 1920களில் இலங்கையின் பிரதம சித்திர வித்தியாதரிசியாகப் பணியாற்றியவர். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938 இல் தொடங்கிய ஓவியக் கழகமும் அவர் பெயரையே தாங்கியது. எனவே எமது ஊரில் அப்பெயர் நிலைத்ததில் வியப்பில்லை.

ஓவியத்தை மதிப்பிடுவோர் முன்புறத்துக்கு முன் பின்புறத்தையே பார்ப்பர். எமது ஓவியத்தைத் திருப்பியபோது, கன்வஸ் துணியில் மங்கிய ஆங்கில முத்திரை ஒன்று தெரிந்தது. தெளிவாக வாசிக்கக்கூடியது ‘வின்சர்’ என்ற சொல் மாத்திரமே. ஆனால் அதன் நான்காவது எழுத்து ‘எஸ்’. ஓவியரின் பெயரில் அவ்விடத்தில் வருவது ‘இசட்’. அது வரைந்தவரின் பெயரன்று. 1832 இல் லண்டனில் தொடங்கப்பட்ட, வர்ணமும் கன்வஸும் விற்ற வின்சர் அன்ட் நியூட்டன் நிறுவனத்தின் முத்திரை. எப்போதோ சுவருக்கு வெள்ளையடிக்க இறக்கியபோது ஒருவர் வாசித்த சொல்லே பரம்பரைக் கதையாகியிருக்கக்கூடும்.

அடுத்து, தோல் நோய்களைப் பரிசோதிக்க வைத்தியர்களாகிய நாம் பயன்படுத்தும் வூட்ஸ் விளக்கை இருட்டறையில் ஓவியத்தின் மீது பிடித்தோம். இயற்கைப் பிசினால் ஆன பழைய வார்னிஷ் புற ஊதா ஒளியில் பச்சை கலந்து ஒளிரும். அதன் மேல் பிற்காலத்தில் பூசிய வர்ணம் கருமையாகத் தெரியும். வானத்தில் ஒரு கருந்திட்டு தெரிந்தது. அங்கே ஒரு கிழிசல் திருத்தப்பட்டிருக்கிறது. கீழ் மூலைகள் இரண்டும் ஒரே சீராக ஒளிர்ந்தன. அங்கு இருந்த கையெழுத்தை யாரோ பின்னர் பூசி மறைத்ததற்கான அடையாளம் இல்லை.

காலத்தை அறிய வர்ணப் பகுப்பாய்வு உதவும். தலோ நீலம் என்னும் வர்ணம் விற்பனைக்கு வந்தது 1935 இல். மூல வர்ணப் படையில் அது காணப்பட்டால் ஓவியம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. காணப்படாவிட்டால் அதைக் கொண்டு எதுவும் முடிவு செய்ய இயலாது.

ஏல விற்பனையில் ‘இன்னார் வரைந்தது’, ‘இன்னார் வரைந்ததாகக் கருதப்படுவது’, ‘இன்னாரின் பாணியில் அமைந்தது’ என்பவை வெவ்வேறு பெறுமதி உடையவை. எமது ஓவியத்துக்கு இம்மூன்றில் ஒன்றையும் நேர்மையாகக் கூற முடியாது. சந்தையில் அதற்குப் பெருந்தொகை கிடைக்காது. பெயரை ஊகித்து விற்பது எமது கல்லூரிக்கு அழகுமன்று.

ஆயினும் எமக்கு அதன் பெறுமதி வேறு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கல்லூரியின் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் பொருட்பதிவேடுகளும் அழிந்தன. திரும்பி வந்தவர்கள் சுவரிற் கண்டது இந்த ஓவியத்தை. அதனை வரைந்தவர் எமது சித்திர ஆசிரியை ஒருவராகவோ மாணவி ஒருவராகவோ இருக்கலாம். விற்றுவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவும் எவரும் இருக்கமாட்டார்கள்.

நோயாளியைத் தொடுமுன் வரலாறு கேட்பது வைத்திய முறை. இந்த ஓவியத்தின் வரலாறு இன்று உலகெங்கும் வாழும் எமது மூத்த சகோதரிகளின் அல்பங்களில் இருக்கிறது. பரிசளிப்பு விழா, நாடகம், பிரியாவிடை ஆகியவற்றின் பழைய படங்களில் மேடையின் வலப்புறச் சுவரைப் பாருங்கள். ஓவியம் உள்ளதா, இல்லையா, எந்த ஆண்டு என்று படத்தின் பிரதியோடு சங்கத்துக்கு எழுதுங்கள். ஓவியம் இல்லாத படமும் எமக்கு உதவும். அது மாட்டப்பட்ட ஆண்டை நெருங்க அதுவே வழி. மண்டபத்தைத் துப்புரவு செய்யும் தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள்: சவர்க்காரமோ உருளைக்கிழங்குத் துண்டோ கொண்டு அதனைத் துடைக்காதீர்கள். வரைந்தவரின் பெயர் தெரியவரும்வரை, அவர் தீட்டிய வானமாவது எம்மிடம் பத்திரமாக இருக்கட்டும்.